எட்டு டிகிரி

ஜூன் 5, திங்கள்

கேம்ஷாஃப்ட் வந்துவிட்டது.

இன்சூரன்ஸ் ஏஜெண்ட் கொடுத்துவிட்டுப் போன இந்த டைரி ஐந்து மாதமாகச் சும்மா கிடந்தது. எஞ்சின் வேலை முடியும்வரை இதில் எழுதலாம் என்று எடுத்திருக்கிறேன். துண்டுச் சீட்டில் எழுதி எழுதித் தொலைப்பதுதான் இதுவரை என் லட்சணம்.

பார்சலை நான்தான் பிரிக்க வேண்டும் என்று பூபதி மத்தியானம்வரை காத்திருந்தார். என் வீட்டுக்காரர். நாற்பத்திரண்டு வயது, செட்டிபாளையம் டிராக்கில் பதினெட்டு வருஷமாக ரேஸ் ஓட்டுகிறவர், பார்சல் விஷயத்தில் மட்டும் இரண்டாம் வகுப்பு. எண்ணெய்க் காகிதத்தை நான் விலக்கியதும் குனிந்து முகர்ந்தே பார்த்தார்.

"பாரு அம்மிணி, மேடு எவ்வளவு ஒசரமா இருக்குது."

உயரம்தான். கேம் சுற்றும்போது அந்த மேடுகள்தான் வால்வுகளை அமுக்கித் திறக்கின்றன. மேடு உயர்ந்தால் வால்வு அதிகம் திறக்கும், எஞ்சின் அதிகம் மூச்சிழுக்கும், வண்டி பறக்கும். கீழே சுற்றும் கிராங்கையும் மேலே சுற்றும் கேமையும் ஒரு செயின் கட்டி ஓட்டுகிறது. அதுவும் புதிதாக வந்திருக்கிறது. அவர் ஓட்டுவார், நான் பூட்டுவேன். கணபதி ஏரியாவில் இந்தப் பட்டறை போட்ட நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு.

இரவுக்குத் தோசை. மாவு புளித்துவிட்டது.

ஜூன் 8, வியாழன்

எஞ்சின் முன்பக்கத்தைத் திறந்தாயிற்று. பழைய செயின் கையில் தொங்கவிட்டால் துவண்டு விழுகிறது. சம்சு பிரேக், டயர் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி வைத்தான். ஏழு வருஷமாக எங்களோடு இருப்பவன். இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பா. பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான், ஆனால் கை நிற்காது.

அத்தைக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். கஞ்சிதான் இறங்குகிறது. கோபம் மட்டும் குறையவில்லை.

ஜூன் 9, வெள்ளி

இன்று மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் உதவிக்கு வந்தார். போர்வையைக் கொடிமேல் வீசும்போது வலது கை தோளுக்கு மேலே போகவில்லை. இடது கைக்கு மாற்றிக்கொண்டு, நான் பார்த்தேனா என்று திரும்பிப் பார்த்தார். நான் பக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன அக்டோபரில் நேர்ப்பாதையின் கடைசியில் வண்டி திரும்பாமல் போய் டயர்ச் சுவரில் மோதியது. கழுத்தெலும்பில் இப்போது ஒரு தகடு இருக்கிறது. அன்றைக்கு நான் டிராக் ஓரத்தில், மெக்கானிக்குகள் நிற்கும் பிட் சுவரில் நின்றிருந்தேன். புழுதி அடங்கும்வரை வண்டிக்குள் ஒன்றும் அசையவில்லை. இதற்கு மேல் எழுதப் பிடிக்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் அவரிடம் ஒரு வாக்குக் கொடுத்தேன். "ஓட்டாதீங்கன்னு ஒரு நாளும் சொல்ல மாட்டேன்." யார் வீட்டுக்கு வந்தாலும் இதைச் சொல்லித்தான் என்னை அறிமுகப்படுத்துவார். சொல்லும்போது அவர் முகத்தில் வரும் பெருமையைப் பார்த்தால், வாக்குக் கொடுத்தவளுக்கே அதை மீறத் துணிவு வராது.

ஜூன் 12, திங்கள்

பூட்டியாயிற்று.

பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டி, மேல்மூடி ஹெட்டை வைத்துக் கையால் சுற்றி, வால்வு எங்கே எவ்வளவு பதிகிறது என்று பார்த்தேன். இடைவெளி போதும். கேம் எந்த நிலையில் இருந்தாலும் போதும். செயின் தளராமல் பிடித்துக்கொள்ளும் டென்ஷனரைச் சம்சு மாட்டினான். கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்த்தேன். எங்கேயும் தட்டவில்லை.

கேமின் பல்சக்கரத்தில் வரிசையாகக் கீறல்கள் உண்டு. ஒரு கீறல் இரண்டு டிகிரி. கேமோடு வந்த அட்டை நடுக் கீறலில் வைக்கச் சொல்கிறது. நான் நாலு கீறல் முன்னால் தள்ளி, எட்டில் வைத்து இறுக்கினேன். அட்டை சொல்வதை அப்படியே செய்ய வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. எட்டில் வைத்தால் வளைவை விட்டு வெளியே வரும்போது நல்ல இழுவை இருக்கும். நேர்ப்பாதையின் கடைசியில் கொஞ்சம் மூச்சு முட்டும். முட்டட்டும். அங்கே அவ்வளவு வேகம் யாருக்கு வேண்டும்?

அப்போது சம்சு டீ வாங்கப் போயிருந்தான்.

ஜூன் 13, செவ்வாய்

ஸ்டார்ட் செய்தோம். ஒரே அடியில் பிடித்தது. புதுக் கேமுக்கே உள்ள அந்தக் குதிரைக் கனைப்புச் சத்தம். சம்சு தேங்காய் உடைத்தான். அவர் பானெட்மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"டைனோல போட்டுப் பாத்துரலாமா? எத்தன பவர் குடுக்குதுன்னு தெரிஞ்சுக்கோணும்."

"கேட்டேனுங்க. மாசக் கடைசி வரைக்கும் இடம் இல்லையாம்."

நான் கேட்கவில்லை.

ஜூன் 16, வெள்ளி

தண்ணீர் வரவில்லை. லாரிக்குச் சொல்லியிருக்கிறது.

ஜூன் 24, சனி

டிராக்கில் பழக்க ஓட்டம். ஹெல்மெட்டைக் கழற்றியதும் சொன்னார்: "கீழ பிரமாதமா இழுக்குது அம்மிணி. மேல போகப் போக என்னமோ மூச்சு வாங்குது. கேம் டைமிங்க ஒருக்கா பாக்கறயா?"

"பாத்துட்டேன். சரியாத்தான் இருக்குது. புதுச் செயினுங்க, கொஞ்சம் ஓடிச் செட்டாகட்டும்."

"அப்ப சரி."

அப்ப சரி என்று அவர் சொன்ன விதம்தான் பிரச்சினை. வாக்குவாதம் செய்திருந்தால் நானும் கத்தியிருப்பேன், மனசு லேசாகியிருக்கும். இவர் நம்பிவிட்டு இளநீர் குடிக்கப் போய்விட்டார்.

ஜூலை 9, ஞாயிறு

முதல் சுற்றுப் போட்டி. ஆறாவது. ரோஷன் என்று ஒரு பையன், இருபத்திரண்டு வயது, நேர்ப்பாதையில் இவரை ஒதுக்கிவிட்டு முன்னே போனான். எல்லாச் சுற்றிலும் அதே இடத்தில் இவர் வண்டி தளர்ந்தது. நானே வைத்த இடம். மணி அடித்தமாதிரி.

ரோஷனின் அப்பா எங்கள் பிட்டுக்கே வந்து தோளைத் தட்டினார். "விடுங் பூபதி. நமக்கெல்லாம் வயசாயிருச்சுல்ல."

இவர் சிரித்தார். திரும்பி வரும் வழி முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆனால் ஒன்று. கழுத்தெலும்பு பத்திரமாக வீடு வந்து சேர்ந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு நான் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் தூங்கினேன்.

ஜூலை 14, வெள்ளி

அவிநாசி ரோட்டில் சிக்னலுக்கு நின்றோம். நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அவர் உள்ளங்கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எதிர்க்கடைப் பெயர்ப்பலகையை வாய்க்குள் படித்தார். பிறகு அடுத்த கண்ணைப் பொத்திக்கொண்டு படித்தார். நான் திரும்பியதும் தூசி விழுந்த மாதிரி தேய்த்துக்கொண்டார்.

ராத்திரி சோறு வேண்டாம் என்கிறார். இரண்டு சப்பாத்திதான். எடையைக் குறைக்கிறாராம். அத்தை என்னைத்தான் திட்டினார், நான் ஏதோ அவரைப் பட்டினி போடுகிறேன் என்று. முழுக்கத் தப்பு என்று சொல்ல முடியவில்லை.

ஜூலை 18, செவ்வாய்

இன்று வால்வு கவரைக் கழற்றக் கையில் ஸ்பேனர்கூட எடுத்தேன். எதிர்வீட்டு ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை என்று வந்துவிட்டார்கள். பிளக் மாற்றிக் கொடுத்தேன். அதன் பிறகு வேலை இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். பெரிய வேலை ஒன்றும் இல்லை.

ஜூலை 22, சனி

பழக்க ஓட்டம். ஒரு சுற்றுக்கு அவர் எடுத்த நேரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ரோஷனின் நேரத்துக்குச் சமமாக வந்திருக்கிறார். அந்த எஞ்சினை வைத்துக்கொண்டு அது முடியாது. வைத்தவளுக்குத் தெரியாதா?

அவர் முகம் ஒரு மாதத்துக்குப் பிறகு மலர்ந்திருந்தது. "பயத்த விட்டுட்டேன் அம்மிணி. அந்த அடிக்குப் பொறவு எனக்குள்ள எங்கியோ பயம் உக்காந்திருந்துது. அதான் மெதுவாயிட்டேன். இப்ப எஞ்சின் குடுக்கலீன்னா என்ன, நான் குடுக்கறேன்."

சாயங்காலம் பட்டறையில் சம்சு கூப்பிட்டான். "அக்கா, இங்க வந்து பாருங்."

முன்சக்கர பிரேக் பேடுகளை என் கையில் வைத்தான். போன வாரம் போட்ட புதுப் பேடு. அப்பளக் கனம்தான் மிச்சம். டிஸ்க் இரண்டும் சூட்டில் நீலம் பாரித்திருந்தன.

"முன்னெல்லாம் அண்ணன் வளைவுக்கு நூறு மீட்டர்னு வெச்சிருக்கற போர்டுலயே பிரேக் போட்டுருவாருங். இன்னைக்கு ஐம்பது போர்டும் தாண்டிப் போறாருங் அக்கா."

நேர்ப்பாதையில் இழந்ததை வளைவில் பிடிக்கிறார். நான் வேகத்தைக் குறைத்தேன். அவர் பிரேக்கைக் குறைத்துக்கொண்டார். அதே டயர்ச் சுவருக்கு முன்னால். அவரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, எனக்கு எவ்வளவு திமிர்.

சம்சுவிடம் புதுப் பேடு போடச் சொன்னேன். வேறு என்ன சொல்ல?

ஜூலை 24, திங்கள்

யாருக்கும் தெரியாமல் கேமை நடுக் கீறலுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்றுதான் காலையில் பட்டறையைச் சீக்கிரம் திறந்தேன். பாதி போல்ட்டைக் கழற்றிய பிறகுதான் புத்தியில் ஏறியது.

சரிசெய்தால் வண்டி நேர்ப்பாதையின் கடைசிக்கு இன்னும் வேகமாக வரும். அவரோ மெதுவான வண்டியில் பழகிய அதே இடத்தில்தான் பிரேக் மிதிப்பார். நிற்காது. நேராகச் சுவர்.

ஆக, அப்படியே விட்டாலும் ஆபத்து. சொல்லாமல் சரிசெய்தால் அதைவிடப் பெரிய ஆபத்து. சொல்லியே ஆக வேண்டும். அடுத்த போட்டி ஆகஸ்ட் ஆறாம் தேதி.

போல்ட்டுகளைத் திரும்ப இறுக்கினேன். காஸ் சிலிண்டர் வந்தது.

ஜூலை 28, வெள்ளி

சொன்னேன். உண்மையை இல்லை.

பட்டறையில் பேச உட்கார்ந்தபோதே ஒரு சுலபமான பொய் நாக்கு நுனியில் வந்து நின்றது. "செயின் டென்ஷனர் முழுசா வெளிய வரலீங்க. செயின் தொளதொளன்னு இருந்துருக்குது. அதான் மேல பவர் இல்ல. சரி பண்ணித் தர்றேன். வண்டி இன்னும் ஓடும், நீங்க பழையபடி நூறு மீட்டர்லயே பிரேக் போடோணும்."

நல்ல பொய். அவர் உயிரும் தப்பும், என் மானமும் தப்பும். அவர் அப்படியே எழுந்து நின்றுவிட்டார்.

"அப்ப நான் இல்லியா? வண்டிதானா?"

"வண்டிதானுங்க."

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "டென்ஷனர யாரு மாட்டுனது?"

இந்தக் கேள்வியை நான் யோசிக்கவே இல்லை. பதில் சொல்வதற்குள் டயர் அடுக்கிக்கொண்டிருந்த சம்சு நிமிர்ந்தான். "நான்தானுங் அண்ணா."

அதன் பிறகு அவர் பேசியதை எழுத மாட்டேன். ஏழு வருஷத்தில் சம்சுவிடம் அவர் அப்படிக் குரலை உயர்த்தியதில்லை. "ஒரு மாசமா நான் செத்துச் செத்துப் பொழச்சிருக்கேண்டா" என்றார். இந்தப் போட்டிக்கு நீ வர வேண்டாம் என்றார். பேசியே பழக்கப்பட்டவன் பேசாமல் நின்றான்.

நானும்தான் நின்றேன்.

ஜூலை 29, சனி

சம்சு வேலைக்கு வந்தான். என்னிடம் மெதுவாகக் கேட்டான்: "டென்ஷனர் வெளிய வர்றதுக்கு லாக்கு பின்ன எடுத்தேன்னுதான் நெனக்கறேனுங் அக்கா. எடுத்தனா இல்லியான்னு இப்ப சந்தேகமா இருக்குதுங். ராத்திரியெல்லாம் அதே நெனப்பு. இதே மாதிரி வேற யார் வண்டியிலாவது தப்புப் பண்ணிருப்பேனோ?"

"விடு சம்சு" என்றேன்.

விடு சம்சு. இதுதான் நான் அவனுக்குச் சொன்னது.

ஒருவர் கண்ணைப் பொத்திக்கொண்டு பலகை படிக்கிறார். இன்னொருவன் தன் கையையே சந்தேகப்படுகிறான். இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை. குறை என்னிடம். இத்தனை நாள் இந்த டைரியில்கூட நான் நேராக எழுதவில்லை, ஆகவே எழுதிவிடுகிறேன்: வண்டியைக் கெடுத்தது நான். தெரிந்தே கெடுத்தேன்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

இன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப்பெருக்கு. அத்தை நாலு வகைச் சாதம் கிளறியிருந்தார். பட்டறைக்கும் கொடுத்துவிட்டார். சம்சுவுக்கு இலை போட்டேன். அவன் சாப்பிடாமல் பையிலிருந்து பட்டறைச் சாவியை எடுத்து அவர் முன்னால் வைத்தான். மச்சான் திருப்பூரில் டயர் கடை வைத்திருக்கிறாராம், அங்கே போகிறானாம். எஞ்சினில் இனி கை வைக்கத் தைரியம் இல்லையாம்.

அவர் சாவியைப் பார்த்தார். போகாதே என்று சொல்லத்தான் வாயெடுத்தார் என்று நினைக்கிறேன். அதற்குள் நான் சொல்லிவிட்டேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் சம்சுமேல் பழி விழுந்தது நாங்கள் மூன்று பேரும் இருக்கும்போது; அதை எடுப்பதும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

"டென்ஷனர்ல ஒண்ணும் இல்லீங்க. சம்சு சரியாத்தான் மாட்டுனான். நான்தான் கேம முன்னால தள்ளி வெச்சேன்."

அவருக்கு முதலில் புரியவில்லை. "தெரியாமயா?"

"தெரிஞ்சேதான்."

"எத்தன?"

"எட்டு டிகிரி."

"எப்போ?"

"பூட்டுன அன்னிக்கே."

புளிச்சாதம் இருந்த இலையை மெதுவாக ஒதுக்கி வைத்தார். "நான் கண்ணு போயிருச்சோன்னு நெனச்சுட்டிருந்தேன்" என்றார்.

"தெரியும்."

"தெரியுமா?"

அவர் குரல் ஏறவே இல்லை. ஏறியிருக்கலாம். "நான் ரோட்டுல போர்டு படிச்சதப் பாத்தியா? பாத்துட்டுமா சும்மா இருந்தே?"

"பயமுங்க. மறுபடியும் அந்தச் சொவத்துல போய்..."

"ஓட்டாதன்னு சொல்லியிருக்கலாமே அம்மிணி."

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருந்தேன்."

"வாக்க நல்லாக் காப்பாத்திட்ட" என்றார்.

சம்சு எழுந்து வெளியே போய்விட்டான். சாவி மேஜைமேலேயே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் அதை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனார். தெருவில் இரண்டு பேரும் நின்று பேசியது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. அதற்குப் பிறகு சம்சு வந்து சாப்பிட்டான். அவர் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 4, வெள்ளி

கேமை நடுக் கீறலில் வைத்து இறுக்கினேன். கையால் இரண்டு சுற்று. டைனோவுக்கு உண்மையாகவே போன் செய்தேன். உடனே வரச் சொன்னார்கள். வண்டி கொடுக்க வேண்டிய பவரைக் கொடுக்கிறது.

அவரிடம் சொன்னேன். சரி என்றார். வீட்டில் தேவைக்குப் பேசுகிறார். உப்பு, சாவி, தண்ணி வந்ததா. அம்மிணி என்று கூப்பிடுவதில்லை.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

நூறு மீட்டர் பலகையிலேயே பிரேக் போட்டார். ஒவ்வொரு சுற்றிலும். நான் பிட் சுவரில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். நேர்ப்பாதையில் ரோஷனால் இவரை நெருங்க முடியவில்லை. இரண்டாவது வந்தார். ரோஷனின் அப்பா வந்து கை கொடுத்தார். இவர் கோப்பையைச் சம்சுவிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். சம்சு மறுபடி வாய் ஓயாமல் பேச ஆரம்பித்திருக்கிறான். எனக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது. அவர் இரண்டு காலில் நடந்து வந்து வண்டியில் ஏறினார்.

காலையில் நடந்ததையும் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் இதுவும் ஒரு பொய்யாகிவிடும்.

போட்டிக்கு வண்டியை வரிசையில் விடுவதற்கு முன்னால், சட்டை மாட்டி, ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "வால்வு கவரக் கழட்டு" என்றார்.

"முந்தாநேத்தே எல்லாம்..."

"கழட்டு. நான் பாக்கோணும்."

கழற்றினேன். ஸ்பேனரைக் கேட்டு வாங்கி எஞ்சினைத் தானே கையால் சுற்றினார். தோள் வலித்திருக்கும், நிறுத்தவில்லை. கீறல்கள் மேலே வந்ததும் குனிந்து பார்த்தார். பதினெட்டு வருஷம் ரேஸ் ஓட்டியவர், எதைப் பார்ப்பது என்று தெரியாமல் கண் அங்கும் இங்கும் ஓடியது.

"இதுல நடுக் கீறல் எது?"

விரலை வைத்துக் காட்டினேன். "இது. இதுக்கு நேரா அந்தக் கோடு இருக்கோணும். இருக்குது பாருங்க."

என் விரலைப் பார்த்தார். கீறலைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் சொல்வது உண்மையா என்று முகத்தில் தேடினார். கல்யாணமான இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"சம்சு" என்று கூப்பிட்டார். "இங்க வா. நீ பாத்துச் சொல்லு."

சம்சு தயங்கித் தயங்கி வந்தான். என்னைப் பார்க்காமல் குனிந்தான். உள்ளே இருட்டாக இருக்கிறது, சரியாகத் தெரியவில்லை என்றான். அவன் தோளுக்குப் பின்னால் நின்று டார்ச்சை நான் பிடித்துக்கொண்டேன்.